நினைவு மரம் நட்டுத் தரும் சேவை: நாற்று நல்லது, நாள் சரியில்லை

சூழலுக்காக உழைத்த ஒருவர் மறைந்தால் அவர் பெயரில் மரம் நடுவது கொங்குப் பக்கம் வழக்கமாகிவிட்டது. குழி எடுத்து, நாற்று வைத்து, கூண்டு போட்டு, ஓராண்டு தண்ணீரும் ஊற்றித் தரும் நாற்றங்கால்கள் வந்துவிட்டன. காங்கேயம் வட்டாரத்தில் இயங்கும் அப்படியொரு சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு.

நாற்றுகளில் குறை சொல்ல இடமில்லை. வேம்பு, புங்கன், இலுப்பை, உசிலை, வெள்வேல் என்று எல்லாமே இந்த மண்ணில் தாக்குப்பிடிப்பவை. பையைக் கிழித்துப் பார்த்தால் ஆணிவேர் நேராக இறங்கியிருக்கிறது. சின்னப் பையிலேயே ரொம்ப நாள் கிடந்த நாற்றுக்கு வேர் சுருண்டுவிடும். நட்ட சில ஆண்டுகள் செழிப்பாகத் தெரியும். பிறகு ஒரு பலத்த காற்றில் சாயும்.

குழி 2 அடி நீளம், அகலம், ஆழம். செம்மண் காட்டுக்கு இது போதும். அடியில் சுக்கான் கல் (இறுகிய சுண்ணாம்புக் கல்) இருந்தால் 3 அடி வேண்டும், கல்லைக் கடப்பாரையால் உடைத்தும் விட வேண்டும். டிராக்டர் துளைப்பானில் எடுத்த குழி என்றால் சுவர் இறுகி மழமழவென்று நிற்கும். அதைக் கீறிவிடாமல் நட்டால் வேர் குழிக்குள்ளேயே சுற்றும். இவர்கள் கீறுவதில்லை; நாம்தான் சொல்ல வேண்டும்.

பெரிய குறை நாள்தான். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மறைந்தது 2013 டிசம்பர் 30. தமிழகப் பசுமை இயக்கத்தைத் தொடங்கிய ஈரோட்டு மருத்துவர் ஜீவானந்தம் மறைந்தது 2021 மார்ச் 2. இந்த நினைவு நாட்களில் நடச் சொன்னால் சேவைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் நட்டுவிடுகிறார்கள். நமக்கு ஆண்டு மழை சுமார் 600, 700 மி.மீ.தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். மார்கழியில் நட்ட கன்று வேர் பிடிக்குமுன்னே மாசி வெயிலில் மாட்டிக்கொள்ளும். மார்ச்சில் நடுவதோ கன்றை வெயிலுக்குக் காவு கொடுப்பதுதான்.

மானாவாரி உழவருக்கு உதவாத ஆராய்ச்சி எதற்கு என்று 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறியவர் நம்மாழ்வார். அவர் பெயரிலேயே மழையைப் பார்க்காமல் நடுவது மனதுக்கு ஒப்பவில்லை. புரட்டாசிக் கடைசியில் நட்டுவிடுங்கள். நினைவு நாளில் அந்தக் கன்றுகளைச் சுற்றி மண்ணை மூடி மூடாக்கு போடுங்கள். கரூர் மாவட்டம் கடவூரில் அவர் தொடங்கிய வானகம் பண்ணையில் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தானே! சருகு, சோளத்தட்டு, தேங்காய் மட்டை எதுவானாலும் 4 அங்குலக் கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டை ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். நடும்போதே குழிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டிருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

வாரம் ஒருமுறை கன்றுக்கு 20 லிட்டர் ஊற்றுகிறார்கள், அளவு சரி. ஆனால் குழாயைத் தண்டின் மேலேயே பிடிக்கிறார்கள். ஒன்றரை அடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி அதில் ஊற்றினால்தான் வேர் வெளியே தேடிப் போகும். லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றுடையது என்றும் கேளுங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணைவரை தேங்கிய நொய்யல் ஆற்றங்கரை இது. உப்பேறிய கிணற்று நீர் என்றால் இலை நுனி கருகத் தொடங்கும்.

இரும்புக் கூண்டுக்கு வாங்கும் காசு வீண். வெள்ளாடு கூண்டுக்கு வெளியே நீளும் கொழுந்தைக் கடித்துவிடும். தண்டு பெருத்ததும் கூண்டைக் கழற்ற யாரும் வருவதில்லை; கம்பி பட்டைக்குள் புதைகிறது. நம் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் காடுகளைச் சுற்றி நிற்கும் கிளுவை போதும்: 4 அடிப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நெருக்கமாக ஊன்றி, உயிர்வேலி தழையும்வரை வெள்வேல் முள்ளைச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பெயர்ப்பலகையை மரத்தில் ஆணி அடிக்க விடாதீர்கள், தனிக் கல்லில் எழுதி நடலாம்.

ஒப்பந்தம் ஓராண்டுதான் என்பதால் இரண்டாவது கோடை விட்டுப்போகிறது. அதையும் சேர்த்துப் பேசி எழுதி வாங்குங்கள். செத்த கன்றுக்கு மாற்று தருகிறார்கள், நல்ல விஷயம். அந்த மாற்றும் புரட்டாசியில்தான் நடப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் இந்தச் சேவையைத் தாராளமாக எடுக்கலாம்.