பசுமை மதிப்பெண்ணும் கழிவுக் குப்பியும்: நான்கு ஆண்டு அனுபவம்

மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் எச்பிஎல்சி கருவியில் (கரைப்பானை அழுத்தத்துடன் செலுத்தி, மருந்துக் கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) பணியாற்றும் நான், ஒரு பகுப்பாய்வு முறை சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு உகந்தது என்பதைக் கணிக்க, 2012-இல் வெளிவந்த எகோ-ஸ்கேல், 2020-இல் வெளிவந்த அக்ரீ ஆகிய இரண்டையும் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எகோ-ஸ்கேலுக்குத் தாளும் பேனாவும் போதும். 100-இலிருந்து வேதிப்பொருள், மின்சாரம், கழிவு ஆகியவற்றுக்கான புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும், 75-க்கு மேல் நின்றால் அது மிக நல்ல முறை. அக்ரீ இலவச மென்பொருள். பசுமைப் பகுப்பாய்வின் 12 கோட்பாடுகளையும் கடிகார வடிவ வட்டத்தில் சிவப்பு முதல் பச்சை வரை நிறமிட்டு, நடுவில் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட மதிப்பைக் காட்டுகிறது.

பாரசிட்டமாலும் காஃபினும் சேர்ந்த மாத்திரைக்கான முறையில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை நீக்கி எத்தனாலைச் சேர்த்தபோது, எகோ-ஸ்கேல் மதிப்பு சற்றும் உயராதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எங்களிடம் இருந்த பாதுகாப்புத் தரவுத்தாள்களில் இரண்டு கரைப்பான்களுக்கும் இரண்டு அபாயக் குறிகளும் 'அபாயம்' என்ற எச்சரிக்கைச் சொல்லும் இருந்ததால், இரண்டும் ஒரே 4 புள்ளிகளை இழந்தன. உயிர்மூலத்திலிருந்து கிடைக்கும் பொருளா, நச்சுள்ளதா என்று அக்ரீ தனித்தனியே கேட்பதால் அங்கே மதிப்பு உயர்ந்தது. அதுவே நியாயம் என்று கருதுகிறேன். எத்தனாலும் நீரும் கலந்தால் பாகுத்தன்மை கூடி அழுத்தம் ஏறும் என்பதால் கூறுகள் பிரியும் இடமான பிரிப்புக் குழலைச் சூடாக்கி 40 டிகிரியில் வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் இரண்டு அளவுகோல்களிலும் என்னை உறுத்துவது, கழிவை ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று நாங்கள் கணக்கிட்டு உள்ளிடும் வழக்கம். 15 நிமிட ஓட்டத்துக்கு, நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் 15 மி.லி. என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் கருவி சமநிலைக்கு வர 30 மி.லி., கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் அமைப்புப் பொருத்தச் சோதனைக்கான ஆறு செலுத்தல்களுக்கு 90 மி.லி. என, முதல் மாத்திரையைத் தொடும் முன்பே 120 மி.லி. கழிவுக் குப்பிக்குப் போய்விடுகிறது. அன்று இரண்டு மாதிரிகள்தாம் என்றால் அவற்றின் பங்கு 30 மி.லி. மட்டுமே. வெவ்வேறு நாள்களில் வரும் மாதிரிகளைச் சேர்த்து ஒரே நாளில் ஓட்டினால் கரைப்பான் பெருமளவில் மிஞ்சும், ஆயினும் அந்தச் சேமிப்பு மதிப்பெண்ணில் ஏறுவதில்லை.

4.6 மி.மீ. விட்டமுள்ள பிரிப்புக் குழலிலிருந்து 2.1 மி.மீ. குழலுக்கு மாறி ஓட்டத்தை நிமிடத்துக்கு 0.2 மி.லி. ஆகக் குறைத்தபோதும் இதே நிலைதான்: கழிவு ஐந்தில் ஒரு பங்கானது, எகோ-ஸ்கேலில் கழிவுக்கான கழிப்பு 5-இலிருந்து 3 ஆனது, அவ்வளவே. (பழைய கருவியாக இருந்தால் இணைப்புக் குழாய்களையும் மெல்லியதாக மாற்ற வேண்டும், இல்லையெனில் வரைபடத்தில் ஒவ்வொரு கூறையும் காட்டும் சிகரங்கள் அகன்றுவிடும்.)

முறைகளை ஒப்பிட அக்ரீயையும், புதிதாகச் சேரும் பகுப்பாய்வாளர்களுக்குக் கற்பிக்க எகோ-ஸ்கேலையும் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். பதிவேட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், அன்றைக்குக் கழிவுக் குப்பியில் சேர்ந்த மொத்த மில்லிலிட்டரையும் எழுதி வைக்கிறேன்.