அப்பாவின் கேசட்டுகளும் டவுன்ஹால் ரோட்டு மாடிக்கடையும்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் முதல் மாடியில் இருக்கிறது, பழைய ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடை. ஆடியோ கேசட்டைக் கொடுத்தால் பென்டிரைவில் ஏற்றித் தருகிறார்கள். நான் 11 கேசட் கொடுத்தேன், ஒன்றுக்கு 350 ரூபாய்.

அப்பா 1984 முதல் 1992 வரை சவுதி அரேபியாவின் தம்மாமில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். நாங்கள் சிவகங்கைப் பக்கம், அப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் போன் கிடையாது, அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது அப்பா கேசட்டில் பேசிக் கொடுத்துவிடுவார், நாங்கள் டேப்ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு அதே கேசட்டில் அதன் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவோம். வளைகுடாவுக்கு ஆள் போன பல வீடுகளில் இப்படித்தான் நடந்தது. ஒரேயடியாக ஊர் திரும்பியபோது இந்த 11 கேசட்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். 2011-இல் அப்பா தவறிப்போனார். கேசட்டுகளில் இருப்பது எங்கள் குரல்தான், அவர் குரல் அழிந்துபோயிற்று என்றே நினைத்திருந்தோம்.

முதலில் கூரியரில் வாங்கி மாற்றித் தரும் ஒரு இடத்துக்கு இரண்டு கேசட் அனுப்பினேன். இரைச்சலை எடுக்கிறோம் என்று அம்மாவின் குரலைத் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆக்கிவிட்டார்கள், பேச்சு முடிந்த இடத்தோடு வெட்டியும் விட்டார்கள். அது இன்னும் வலிக்கிறது.

இந்தக் கடை அண்ணன் எதையும் வெட்டுவதில்லை. ஒரு கேசட்டில், நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தது, குட்டித் திருகாணிகளைக் கழற்றி வேறொரு கேசட்டின் பஞ்சை எடுத்து ஒட்டினார். அப்புறம் ஓடவிட்டு, ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள திருகை நூலளவு திருப்பிக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்டார், மந்தமாக இருந்த குரல் சட்டென்று தெளிந்தது. 60 நிமிடக் கேசட் என்றால் 60 நிமிடமும் ஓடித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. மூன்று நாள் என்று சொன்னது இரண்டு வாரம் ஆனதில் எனக்குக் குறையில்லை. ஆனால் போன் எடுப்பதில்லை, படிக்கட்டு செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப்போகாதீர்கள்.

அன்று ஒரு பெரியவரும் காத்திருந்தார். இறந்துபோன மனைவி பாடிய சாமி பாட்டுக் கேசட். நடுவில் பால்காரரோடு அந்த அம்மா பேசுவதும் பதிந்திருக்கிறதாம், "அத எடுத்துறாதீங்க தம்பி, அதுக்காகத்தான் வந்தேன்" என்று மூன்று முறை சொன்னார்.

வாங்கப் போன அன்று அண்ணன் ஹெட்போனை நீட்டி, "ஏழாவது கேசட்டக் கேளும்மா, கடைசி வரைக்கும் கேளு" என்றார். அம்மா பேசுகிறார், பின்னால் கோழி கத்துகிறது, "இம்புட்டுதான், உடம்பப் பாத்துக்கங்க" என்று முடிக்கிறார். டக்கென்று பொத்தான் சத்தம், கொஞ்சம் இரைச்சல், அப்புறம் பாதி வாக்கியத்தில் அப்பா. "...மறந்துறாத. கண்மாய் பெருகிருச்சா? சின்னவளுக்குப் பல்லு விழுந்துச்சுன்னு சொன்னியே, கூரை மேல போட்டீகளா?" அம்மா பேசியது அப்பா பேசியதைவிடக் குறைவு, அதனால் மிச்ச நாடாவில் அவர் அழியாமல் இருந்திருக்கிறார். 4 நிமிடம். சின்னவள் நான்தான். கடையிலேயே அழுதுவிட்டேன், அண்ணன் ஒன்றும் கேட்காமல் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

கொடுக்கப் போகிறவர்களுக்கு: வீட்டில் கிடக்கிற டேப்பில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா சிக்கிக்கொள்ளும். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் டபிள்யூஏவி கோப்பாகவும் கேட்டு வாங்குங்கள், சுருக்கிய எம்பி3 போனில் கேட்க மட்டும். இரைச்சலை நீக்கச் சொல்லவே சொல்லாதீர்கள்.

அம்மாவுக்கு இப்போது 74. அந்த 4 நிமிடத்தைப் போனில் போட்டுக் கையில் கொடுத்தேன். பல்லைப் பற்றி அப்பா கேட்டதும், போனைப் பார்த்தே "மேலதான் போட்டோம்" என்றார்.