ஏஐ வீடியோ க்ளிப் விற்கிறவர்கள் கவனத்துக்கு: '80 சதவீத ராயல்டி' மோசடி

ஏஐ-யில் செய்த ஸ்டாக் வீடியோக்களை (விளம்பரமோ படமோ செய்பவர்கள் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்தும் சிறு க்ளிப்புகள்) விற்றுத் தருகிறோம், வருமானத்தில் 80 சதவீதம் உங்களுக்கே என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப் குரூப்களிலும் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அந்தத் தளத்தில் எனக்குப் பணமும் போனது, க்ளிப்புகளும் போயின. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயரால் பெரிய பயனும் இல்லை. போன வாரம் அதே குரூப்பில் புதுப் பெயரில், புது லோகோவோடு, 85 சதவீதம் என்று வந்திருக்கிறார்கள். பணம் அனுப்பச் சொல்கிற யுபிஐ ஐடி மட்டும் பழையதுதான். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கேமரா பையைத் திறக்கவே வேலை இருக்காது. அந்த மாதங்களை ஓட்ட, எங்கள் தொழிலில் நிறையப் பேர் ஏஐ க்ளிப் பக்கம் வந்திருக்கிறார்கள். செய்வது சிரமமில்லை. எங்கே விற்பது என்பதில்தான் எல்லோரும் முட்டி நிற்கிறோம்.

பெரிய கதவுகள் பல நமக்கு மூடியிருக்கின்றன. ஸ்டாக் படங்களும் வீடியோக்களும் விற்கும் கெட்டி இமேஜஸ் 2022 செப்டம்பரிலேயே ஏஐ படைப்புகளுக்குத் தடை போட்டுவிட்டது. ஐஸ்டாக்கும் அவர்களுடையதுதான். ஷட்டர்ஸ்டாக்கும் நம்மைப் போன்றவர்கள் ஏஐ-யில் செய்து அனுப்புவதை எடுத்துக்கொள்வதில்லை. பெரிய இடங்களில் வெளிப்படையாக வாங்கிக்கொள்வது அடோபி ஸ்டாக். அங்கேயும் ஏஐ-யில் செய்தது என்று டிக் போட்டே தர வேண்டும், நிஜ மனிதர்களின் பெயரோ ஓவியர்களின் பெயரோ தலைப்பில் வரக் கூடாது, க்ளிப் 5 முதல் 60 விநாடிக்குள் இருக்க வேண்டும். வீடியோவுக்கு 35 சதவீதம் தருகிறார்கள். முதல் விற்பனை நடந்து 45 நாள் கழித்து, கணக்கில் 25 டாலர் சேர்ந்திருந்தால் பணம் கேட்கலாம். புதிதாக வருபவருக்கு இது ஆமை வேகமாகத் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் "டிக் போட வேண்டாம், ரிஜெக்ட் கிடையாது, 80 சதவீதம்" என்று இவர்கள் வருகிறார்கள்.

பதிவு செய்வது இலவசம். க்ளிப்புகளை ஏற்றி முடித்த பிறகு, விற்பனைக்குத் திறக்க 'வெரிஃபிகேஷன்' கட்டணம் 2,499 ரூபாய் என்றார்கள். கட்டியதும் டாஷ்போர்டில் விற்பனை ஓட ஆரம்பித்தது. எல்லா விற்பனையும் இரவு 11 மணிக்கு மேல். எல்லாமே சரியாக 8 டாலர். எந்த நாட்டில் விற்றது, எந்த வகை லைசென்ஸ் என்று ஒரு விவரமும் இல்லை. 400 டாலருக்கு மேல் சேர்ந்ததும் பணம் எடுக்கும் பட்டனை அழுத்தினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. நல்ல தமிழ், பணிவான குரல்.

"அண்ணா, உங்க அமவுண்ட் ரெடியா இருக்கு. யுஎஸ் டாக்ஸ் கிளியரன்ஸ் 6,300 ரூபாய் மட்டும் கட்டிட்டீங்கன்னா நாளைக்கே அக்கவுண்ட்ல விழுந்துடும்."

கட்டினேன். மறுநாள் 'கரன்சி கன்வர்ஷன் சார்ஜ்' என்று இன்னொரு தொகை கேட்டார்கள். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த வரி விஷயத்தை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நிறுவனம் ராயல்டி தரும்போது வரியை அந்தத் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் நம் பான் எண்ணைக் கொடுத்தால், இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி, அமெரிக்காவில் விற்றதற்கு 30-க்குப் பதில் 15 சதவீதம் பிடிப்பார்கள். அவ்வளவுதான். வரிக்காக நம் பாக்கெட்டிலிருந்து நேர்மையான எந்த ஸ்டாக் தளமும் முன்பணம் கேட்காது. அதுவும் ஒரு தனி ஆளின் பெயரில் உள்ள கணக்குக்கு ஜிபே பண்ணச் சொன்னால், அங்கேயே முடிந்தது கதை.

துபாயில் இருக்கிற என் சித்தப்பா மகனிடம், வாங்குகிறவன் மாதிரி உள்ளே போய் என் க்ளிப் ஒன்றை வாங்கிப் பாருடா என்றேன். விலை காட்டியது, கார்ட்டில் சேர்ந்தது. பணம் கட்டும் பக்கத்தில் கார்டு எண் போடவே இடமில்லை, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு கார்டு, வேறு பிரவுசர் என்று மாற்றிப் பார்த்தான், அதே வட்டம்தான். அந்தத் தளத்தில் யாரும் எதையும் வாங்கவே முடியாது. விற்கிறவர்களிடம் வசூலிக்க மட்டுமே கட்டிய தளம் அது. வாங்க ஆளில்லாத இடத்தில் 80 சதவீதம் என்றால் என்ன, 100 சதவீதம் என்றால் என்ன! எந்தப் புதுத் தளமாக இருந்தாலும், க்ளிப் ஏற்றும் முன் யாரையாவது விட்டு மலிவான ஒன்றை வாங்கச் சொல்லிப் பாருங்கள். விமர்சனம், ஸ்டார் எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். இந்தச் சோதனையை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது அடுத்தது. வாழைத்தோப்பில் மழை, ஒரு பாட்டி வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று ஒரு க்ளிப் செய்திருந்தேன். நாலாவது விநாடியில் வலது மேல் மூலையில் ஒரு காகம் இரண்டாகப் பிரியும். அந்தக் காகத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். அதே க்ளிப் இன்னொரு தளத்தில், முன்பின் தெரியாத ஒருவர் பெயரில், ஏஐ என்ற குறிப்பே இல்லாமல், கேமராவில் எடுத்தது போல விற்பனைக்கு இருந்தது. 80 சதவீதக்காரர்களிடம் கேட்டால் தங்கள் விதிமுறைப் பக்கத்தைக் காட்டினார்கள். க்ளிப்பை யாருக்கு வேண்டுமானாலும் மறுவிற்பனை செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டாம், அதைத் திரும்பப் பெறவும் முடியாதாம். நான் சேர்ந்த அன்று சேமித்து வைத்த பிடிஎஃப்பில் அந்தப் பத்தியே இல்லை. ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பாமல் பின்னால் செருகியிருக்கிறார்கள்.

பதிப்புரிமை என்று சண்டை போடவும் நமக்குப் பலம் குறைவு. வெறும் பிராம்ப்ட் (ஏஐ-க்கு எழுத்தில் கொடுக்கும் கட்டளை) எழுதியதற்காக ஒருவரைப் படைப்பாளியாக ஏற்க முடியாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொல்லிவிட்டது. மனிதப் படைப்பாளி இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அதே ஆண்டு மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதனால் நான் வேறு வழியில் போனேன். அந்த க்ளிப் வியோ என்ற கூகுளின் ஏஐ வீடியோ கருவியில் செய்தது. வியோ வீடியோக்களில் சிந்த்ஐடி என்று கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்று இருக்கும். இதில் அது இருக்கிறது, ஏஐ என்று சொல்லாமல் உங்களிடம் விற்கிறார்கள் என்று க்ளிப் இருந்த தளத்துக்கு எழுதினேன். எடுத்துவிட்டார்கள். 'என்னுடையது' என்பதைவிட 'இது பொய் சொல்லி விற்கப்படுகிறது' என்பது சீக்கிரம் வேலை செய்தது. உங்கள் க்ளிப் இப்படிப் போயிருந்தால் இந்த வழியை முயன்று பாருங்கள்.

பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தக் கணக்கில் பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. தேசிய சைபர் கிரைம் புகார் தளத்திலும் எழுதிப் பதிவு செய்யுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், பணம் வாங்கிய கணக்கின் பெயர், கூப்பிட்ட போன் நம்பர் மூன்றும் கையில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். டாஷ்போர்டு முழுவதையும் ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அவர்களிடம் கேள்வி கேளுங்கள். நான் கேட்ட அன்று இரவே என் லாகினை முடக்கிவிட்டார்கள்.