ரட்கர்ஸா, சீட்டன் ஹாலா: எங்கள் வீட்டு சீசன் டிக்கெட்

நியூ ஜெர்சியில் எடிசனில் குடியிருக்கும் எங்களுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கம் பக்கத்து ஊரான பிஸ்கடவேயில்தான். இன்னொரு பல்கலைக்கழகமான சீட்டன் ஹாலின் ஆண்கள் அணி ஆட்டத்துக்கு ரயிலேறி நியூவார்க் பென் ஸ்டேஷனில் இறங்கி, புருடென்ஷியல் சென்டருக்கு நடக்க வேண்டும். பக்கத்தில் இருந்ததற்கு இரண்டு வருடம் சீசன் டிக்கெட் வைத்திருந்துவிட்டு, 2024இல் தூரத்தில் இருப்பதற்கு மாறினோம். பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கும் நண்பர்கள் எதை வாங்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் சீட்டன் ஹால் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

மேலோட்டமான விஷயங்களில் ரட்கர்ஸ்தான் மேல். 8,000 பேர் அமரும் சின்ன அரங்கம், சரிவான கூரை. மாணவர்கள் கத்த ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவது கேட்காது. நியூவார்க்கில் இருப்பது ஐஸ் ஹாக்கி அணியின் பெரிய அரங்கம். சாதாரண வாரநாள் ஆட்டத்தில் மேல்வரிசைகள் காலியாகக் கிடக்கும்.

ஆனால் டிக்கெட் வாங்கும்போது அணியோடு சேர்த்து அதன் கான்ஃபரன்ஸையும், அதாவது தங்களுக்குள் வருடா வருடம் ஆடும் கல்லூரிகளின் கூட்டணியையும், வாங்குகிறோம். இங்கேதான் அமெரிக்கன் ஃபுட்பால் குறுக்கே வருகிறது. 1979இல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸைத் தொடங்கியதே கூடைப்பந்துக்காக. அப்போது ரட்கர்ஸையும் அழைத்தார்கள், அது மறுத்தது; சீட்டன் ஹால் சேர்ந்தது. பின்னாளில் ரட்கர்ஸும் உள்ளே வந்தது, ஃபுட்பால் வைத்திருந்த வேறு கல்லூரிகளும் வந்தன. 1869இல் பிரின்ஸ்டனுக்கு எதிராக முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தை ஆடியது ரட்கர்ஸ்தான்; அந்தப் பெருமை இவர்களுக்குச் சாதாரணமானதல்ல. கடைசியில் ஃபுட்பால் பணம்தான் கூட்டணியைப் பிளந்தது. சிரக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் ஏசிசி என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போயின. 2013இல் ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பிக் ஈஸ்ட் என்ற பெயரை எடுத்துக்கொண்டு தனியாக வந்தன. சீட்டன் ஹால் அந்த ஏழில் ஒன்று. ரட்கர்ஸ் 2014இல் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் சேர்ந்தது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: எதிரணி நம் ஊருக்கு வருமா?

என் மகள் சமையலறையில் தொங்கும் கோவில் காலண்டரில் ஆட்ட நாட்களைக் குறித்துவைப்பாள். சொந்த ஊரில் நடந்தால் நீல வட்டம், வெளியூர் என்றால் சிவப்பு. முதல் இரண்டு சீசன்களில் பிக் டென்னில் 14 அணிகள், 20 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். மூன்று அணிகள்தான் எங்கள் ஊருக்கு வராமல் விட்டுப்போகும், அதைப் பொறுத்துக்கொண்டோம். 2024இல் யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஆரிகன், வாஷிங்டன் சேர்ந்ததும் 18 ஆகிவிட்டது. ஆட்டங்கள் அதே 20தான். 17 எதிரணிகளில் மூன்றோடு இரண்டு முறை, மீதி 14ஓடு ஒரே முறை, அதிலும் பாதி வெளியூரில். ஆக, ஏழு அணிகளுக்கு அந்த வருடம் நீல வட்டமே கிடையாது. போன முறை நம்மைத் தோற்கடித்த அணி திரும்பி வரும் என்று காத்திருந்தால், அது அடுத்த வருடமாகிவிடும். அதற்குள் பாதி வீரர்கள் டிரான்ஸ்பரில் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார்கள்.

பிக் ஈஸ்ட்டில் 11 அணிகள். பத்து எதிரணிகள், ஒவ்வொன்றோடும் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. கணக்கு மிச்சமில்லாமல் தீர்ந்துவிடுகிறது. வில்லனோவா வரும், பிராவிடன்ஸ் வரும், செயின்ட் ஜான்ஸ் வரும், வருடா வருடம் வரும். பகை வளர்வதற்கு முகம் பழக வேண்டும்.

2025 பிப்ரவரி 15. சீட்டன் ஹாலுக்கு அது மிக மோசமான சீசன். முடிவில் 7 வெற்றி, 25 தோல்வி. அன்று வந்தது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் யூகான், 2023இலும் 2024இலும் தேசியப் பட்டம் வென்ற அணி. எங்களைச் சுற்றி பாதிப் பேர் அவர்கள் ரசிகர்கள். ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது, 69-68, நாங்கள் ஜெயித்தோம். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என் மகளைத் திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினார், இவளும் உயர்த்தினாள். ஏழே ஆட்டம் ஜெயித்த அணிக்கும் இப்படி ஒரு நாள் வாய்க்கிறது என்றால், அந்தப் பெரிய அணி இங்கே வந்தே ஆக வேண்டும் என்ற அட்டவணைதான் காரணம்.

இன்னொன்று, கவனம். கூடைப்பந்து நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. தேசியப் பட்டத்துக்கான ஃபுட்பால் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்த பிறகு அதன் இறுதி ஆட்டம் ஜனவரி 20, 2025 வரை நீண்டது. ஃபுட்பால் உள்ள கல்லூரியில் அதுவரை பேச்செல்லாம் அதைப் பற்றியே. சீட்டன் ஹால் 1980களின் தொடக்கத்திலேயே ஃபுட்பாலைக் கைவிட்டது. நவம்பரில் அந்த வளாகத்தின் கண் கூடைப்பந்து மீதுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் பிக் டென் போட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் 7 வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். பிக் ஈஸ்ட் அந்தப் பக்கமே போக முடியாது. 2024இல் சீட்டன் ஹால் கான்ஃபரன்ஸில் 13 வெற்றி, 7 தோல்வி என்று ஆடியும், தேசியப் பட்டத்துக்கான மார்ச் மேட்னஸ் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த நிலையிலுள்ள என்ஐடி போட்டியில் கோப்பையை வென்றார்கள், ஆனாலும் அந்த வலி போகவில்லை. மார்ச் மேட்னஸுக்கு பிக் ஈஸ்ட்டிலிருந்து மூன்றே அணிகளை எடுத்தார்கள். இனி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், 2025-26இல் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். ஃபுட்பால் இல்லாத இடத்தில் கூடைப்பந்துக்கே அதிகம் ஒதுக்கலாம் என்பது எங்கள் நம்பிக்கை. அது எப்படிப் போகும் என்று ஒரு சீசனை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ், யூகானைச் சேர்த்துக்கொள்ள 2024இல் பேசிப் பார்த்துவிட்டு நிறுத்தியது. யூகான் கிளம்பிவிட்டால் நானும் மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கும்.

நாங்கள் மாறிய அதே வருடம்தான் டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும் ரட்கர்ஸில் ஆடினார்கள். தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த என்பிஏ டிராஃப்டில் இரண்டாவதாகவும் ஐந்தாவதாகவும் போனார்கள். தவறவிட்டோமே என்று இருந்தது. ஆனால் அவர்கள் இருந்தும் அணி 15 வெற்றி, 17 தோல்வியில் நின்றது.

பிஸ்கடவேயை முழுக்க விட வேண்டாம். இந்த இரண்டு கல்லூரிகளும் கான்ஃபரன்ஸுக்கு வெளியே தங்களுக்குள் ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். 2024 டிசம்பரில் மணி அடிக்கும் நொடியில் ஹார்ப்பர் போட்ட மூன்று புள்ளியில் நாங்கள் 66-63 என்று தோற்றோம். அந்த நாளை மகள் காலண்டரில் இன்னும் அடிக்கவில்லை.