பெற்றோர் வீட்டு வைஃபை ஸ்கேன்: ஊர் போன முதல் நாளே தொடங்குங்கள்

விடுமுறையில் ஊருக்குப் போய், பெற்றோர் வீட்டு ஸ்மார்ட் கருவிகளைக் கணக்கெடுக்க நினைப்பவர்கள் பலர் அந்த வேலையைக் கிளம்பும் நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது சரிப்படாது. நெட்வொர்க்கில் எந்தெந்தக் கருவி இருக்கிறது என்று தேடுவதுதான் ஸ்கேன்; அந்த நொடியில் பதில் சொன்ன கருவி மட்டும்தான் அதில் வரும். தூங்கும் போன், சுவரில் அணைத்துவைத்த பல்பு, எப்போதாவது எடுக்கும் டேப்லெட் எல்லாம் பல நாள் விடாமல் பார்த்தால்தான் அகப்படும்.

முதலில் வீட்டில் எத்தனை ரவுட்டர் என்று பாருங்கள். இணைய நிறுவனம் மாட்டிய பெட்டி ஒன்று, பிறகு வாங்கியது ஒன்று என்று இருக்கும். இரண்டும் ரவுட்டராகவே ஓடினால் நெட்வொர்க்கும் இரண்டு. ‘இந்த ஐபி முகவரி யாருடையது’ என்று ஸ்கேன் கேட்கும் ஏஆர்பி கேள்வி ரவுட்டரைத் தாண்டாது என்பதால் ஒரு பக்கத்துக் கருவிகள் முழுக்க விட்டுப்போகும். இரண்டாவதை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்ஸஸ் பாயிண்ட்டாக மாற்றிவிடுங்கள். விருந்தினருக்கான தனி கெஸ்ட் வைஃபையில் சேர்த்த கேமராவும் இதேபோலக் கண்ணில் படாது.

பிறகு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற ஸ்மார்ட் வீட்டு மென்பொருளைப் போட்டு, ரவுட்டரில் கேபிளால் இணைத்து, அதில் என்மேப் என்ற ஸ்கேன் கருவியைக் கொண்டு கருவிகளைக் கண்காணிக்கும் என்மேப் டிராக்கரைச் சேர்க்கலாம். 192.168.1.0/24 என்பதுபோல வீட்டு முகவரி வரம்பைக் கொடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டை டாக்கர் என்ற தனிப் பெட்டகத்துக்குள் ஓட்டுகிறவர்கள், கணினியின் நெட்வொர்க்கையே நேரடியாகப் பயன்படுத்தும் ஹோஸ்ட் நெட்வொர்க் முறையில் வைக்காவிட்டால், கருவியை அடையாளம் காட்டும் மேக் முகவரி கிடைக்காது. லினக்ஸ் மடிக்கணினியில் என்மேப் ஓட்டும்போது, நிர்வாகி அனுமதி தரும் சூடோ கட்டளை அவசியம். அது இல்லாத பிங் ஸ்கேன் (யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கும் ஸ்கேன்) ஏஆர்பியை விட்டு, இணையப் பக்கங்களுக்கான 80, 443 என்ற போர்ட்டுகளை, அதாவது இணைப்பு வாசல்களைத் தட்டிப் பார்க்கும்; அங்கே மௌனமாக இருக்கும் கருவி இல்லை என்றே கணக்காகும். வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற வேறு ரேடியோ முறையில் பேசும் பல்புகளுக்கு ஐபி முகவரியே கிடையாது, அவற்றை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஹப் மட்டும் தெரியும்.

அதிகம் குழப்புவது போன்கள்தான். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 முதல் அவை அசல் மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றானால் பெரும்பாலும் அப்படிப்பட்ட போன்தான். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பை அணைத்துவிடலாம். திரை அணைந்த போன் வைஃபையை அடிக்கடி விடுவதால், ஹோம் அசிஸ்டன்ட் 180 நொடிக்குப் பிறகு அதை ‘வெளியே’ என்று குறிப்பதை 900 நொடி ஆக்குங்கள்.

பட்டியலில் ‘எஸ்பிரெசிஃப்’ என்ற பெயர் நாலைந்து தடவை வந்தால் பதற வேண்டாம். பல பிராண்டுகளின் பிளக், பல்பு, சுவிட்ச்சுக்குள் இருக்கும் சிப்பின் தயாரிப்பாளர் பெயர் அது. எது எது என்று அறிய, ஒன்றை அணைத்து மறுபடி ஸ்கேன் செய்து, மறைந்த முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவிக்கு எப்போதும் ஒரே ஐபி முகவரி கிடைக்கும்படி ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டு, அம்மா அப்பா வாயில் வரும் பெயரையே வையுங்கள். போனில் பேசி வழி சொல்லும்போது அந்தப் பெயர்தான் கைகொடுக்கும்.

திரும்பிய பிறகும் பார்க்க வேண்டுமே. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் அது நிறுவனம் பலருக்குப் பகிர்ந்த முகவரி. வெளியிலிருந்து வீட்டுக் கருவிக்கு ரவுட்டரில் வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் சேவையான டெயில்ஸ்கேலைப் போட்டுவிடுங்கள். கிளம்பும் முன் ரவுட்டரையும் ராஸ்பெர்ரி பையையும் பிளக்கைப் பிடுங்கி மாட்டி, போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பட்டியல் திறக்கிறதா என்று பாருங்கள்.