‘ஒரே நாளில் ஃபுல் ஸ்லீவ்’ பேக்கேஜ்: அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் படியுங்கள்

“ஒரே சிட்டிங்கில் ஃபுல் ஸ்லீவ், பாதி விலை, டச்-அப் இலவசம், இன்றே புக் செய்தால் மட்டும்.” ஃபுல் ஸ்லீவ் என்றால் கை முழுக்க டாட்டூ; டச்-அப் என்றால் மங்கிய, விட்டுப்போன இடங்களை மறுபடி நிரப்புவது. இன்ஸ்டாகிராமில் இப்படி வரும் டாட்டூ விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் எல்லாம் நடக்கிறது. டிசைன் பேசியவர் ஒருவர், மெஷினைப் பிடிப்பவர் இன்னொருவர். போனில் சொன்ன தொகை ஒன்று, டிசைனின் அச்சை (ஸ்டென்சில்) தோலில் ஒட்டிய பிறகு கேட்பது வேறு. ஆறு மாதத்தில் கோடுகள் நீலம் பாரித்து, ஷேடிங் திட்டுத்திட்டாகி, பழையதை மறைத்து மேலே புதிதாகக் குத்தும் கவர்-அப்புக்கு ஆள் தேட வேண்டியதாகிறது. இதில் முக்கால்வாசியை ஊசி தோலைத் தொடும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கணக்கு. நம் ஊரில் பல இடங்களில் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்றுதான் ரேட் சொல்வார்கள். அதை எப்படி அளக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. முன்கையில் 10 அங்குல நீளம், 6 அங்குல அகலத்தில் ஒரு மயிலிறகு என்றால், சுற்றிக் கட்டம் போட்டு 60 சதுர அங்குலம் என்று எழுதுவார்கள். அங்குலத்துக்கு 500 ரூபாய் என்றால் 30,000. அந்தக் கட்டத்தில் பாதி வெறும் தோல். அதற்கும் சேர்த்துத்தான் பில். சின்ன டாட்டூவில் இது பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்லீவ், முழு முதுகு என்று போகும்போது சிட்டிங் கணக்கிலோ மொத்தத் தொகையாகவோ பேசுங்கள். எத்தனை சிட்டிங், குத்தப்போகும் ஆர்ட்டிஸ்ட் யார், டச்-அப் எத்தனை மாதம் வரை, பாதியில் நின்றால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸ் தேதியைப் பிடித்து வைக்கவும் டிசைன் வரையவும்தான். மொத்தத்தையும் முன்கூட்டிக் கேட்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது நேரம். விவரமான ஃபுல் ஸ்லீவ் 20 முதல் 30 மணி நேர வேலை, சிலவற்றுக்கு அதற்கும் மேல். ஒரு சிட்டிங் நான்கு முதல் ஆறு மணி நேரம். அடுத்ததற்கு இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தோல் வீங்கி, ரத்தமும் நிணநீரும் கசிந்துகொண்டே இருக்கும். இங்க் உள்ளே நிற்காது என்பதால் ஆர்ட்டிஸ்ட் அதே இடத்தில் மறுபடி மறுபடி ஓட்டுவார். அந்த இடம்தான் கனமான பொருக்காகி, உதிரும்போது இங்க்கையும் எடுத்துக்கொண்டு போகும், அல்லது தழும்பாகும். ஒரே நாளில் முடிக்கிறேன் என்பவர் இரண்டு மூன்று ஆர்ட்டிஸ்டுகளை ஒரே கையில் உட்கார வைப்பார், இல்லையென்றால் விவரங்களைத் தூக்கிவிட்டுக் கறுப்பை நிரப்புவார்.

கோடு நீலமாகப் பரவுவது ‘ப்ளோஅவுட்’. இங்க் நிற்க வேண்டியது மேல்தோலுக்குக் கீழே உள்ள டெர்மிஸில், தோராயமாக ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அதைத் தாண்டிக் கொழுப்பில் இறங்கினால் மை கசிந்த தாள் மாதிரி ஓரம் மங்கும். முழங்கையின் உள்மடிப்பு, மணிக்கட்டு, மேல்கையின் உட்புறம் ஆகிய மெல்லிய தோல் உள்ள இடங்களில்தான் கற்றுக்குட்டிகள் கோட்டை விடுவார்கள். எனவே போர்ட்ஃபோலியோவில் அந்த இடங்களைத் தேடிப் பாருங்கள். குத்திய அன்று எடுத்த போட்டோவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வாசலினும் ரிங் லைட்டும் சேர்ந்தால் இன்னும் அழகு. ஓராண்டு கழித்து எடுத்த படங்கள், அதுவும் நம் நிறத் தோலில், ஐந்தாறாவது காட்டச் சொல்லுங்கள். வெள்ளை, மஞ்சள், வெளிர் நிறங்கள் மாநிறத் தோல் வழியாகப் பார்க்கும்போது மங்கும். வெள்ளைக்காரர் கையில் உள்ள வாட்டர்கலர் படத்தைக் காட்டி “அப்படியே வரும்” என்பவர் பொய் சொல்கிறார். படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் பல ‘சொந்த வேலைகள்’ வெளிநாட்டு ஆர்ட்டிஸ்டின் பக்கத்தில் கிடைக்கும்.

தமிழ் வரி குத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சில டிசைன் மென்பொருள்களில் தெற்காசிய எழுத்து அமைப்பு இயக்கப்படாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும், ‘கொ’ உடையும். ஆர்ட்டிஸ்டுக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் படத்தைத்தான் பார்ப்பார், எழுத்தை அல்ல. ஸ்டென்சில் ஒட்டிய பிறகு கண்ணாடியில் பார்க்காதீர்கள், எழுத்து இடவலம் மாறித் தெரியும். போட்டோ எடுத்து வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

சுத்தம் என்றால் கையுறை மட்டும் இல்லை. ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜை உங்கள் கண் முன்னால் உறை கிழித்து எடுக்க வேண்டும். உறையில் லாட் எண், காலாவதித் தேதி, ஸ்டெரிலைஸ் ஆனதைக் காட்டும் நிறக்குறி இருக்கும். உள்ளே சவ்வு இல்லாத மலிவு கார்ட்ரிட்ஜில் ரத்தமும் இங்க்கும் பின்னோக்கி மெஷினுக்குள் போகும், அது அடுத்த ஆளுக்கு வரும். ஷேடிங்குக்குக் கறுப்பை எதில் கரைக்கிறார்கள் என்றும் பாருங்கள். கேன் தண்ணீர் கூடாது, ஸ்டெரைல் தண்ணீர்தான். 2011-12இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் 19 பேருக்கு மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற பிடிவாதமான தோல் தொற்று வந்தது. காரணம், ஏற்கெனவே கரைத்து விற்கப்பட்ட கிரே இங்க். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் பெரும்பாலும் பயிற்சி வகுப்பு முடித்ததற்கு. கிருமி நீக்கத்தை யாரும் வந்து சோதித்ததாக அர்த்தம் இல்லை. நாக்கு நுனியைப் பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளக்கும் வேலை செய்த திருச்சி ஸ்டுடியோவுக்கு 2024 டிசம்பரில் சீல் வைத்தது கூட விஷயம் ஊரெல்லாம் பரவிய பிறகுதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போடாதவர்கள் அதை முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

வலிக்காமல் இருக்க கை முழுக்க மரத்துப்போகும் க்ரீம் தடவி பிளாஸ்டிக் சுற்றுவது இந்த பேக்கேஜ்களில் சாதாரணம். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. அந்த க்ரீம்களில் உள்ள மரத்துப்போக வைக்கும் மருந்தான லிடோகைன் பெரிய பரப்பில், மூடிக் கட்டிய நிலையில் ரத்தத்தில் கலந்தால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரலாம். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகைன் உள்ள இத்தகைய க்ரீம்களைப் பற்றி 2024 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து எடுத்தால் கையை நீட்டாதீர்கள். தடவிய பிறகு உதடு மரத்தால், காதில் இரைச்சல் கேட்டால், தலை சுற்றினால் உடனே துடைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அதே ஆளிடம் அவசரமாக ‘சரிசெய்ய’ உட்காராதீர்கள். ஆறாத தோலில் மறுபடி குத்தினால் தழும்பு உறுதி. இரண்டு மூன்று மாதம் விடுங்கள். கவர்-அப் என்றால் பழையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் இருட்டாகவும்தான் வரும். முதலில் தோல் மருத்துவரிடம் சில லேசர் சிட்டிங் எடுத்து மங்கலாக்கினால் டிசைனுக்கு இடம் கிடைக்கும். கறுப்பு இங்க்கை மங்கலாக்க 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் என்ற லேசர். நம் தோலில் நிறத்திட்டு விழ வாய்ப்பு உண்டு என்பதால் பியூட்டி பார்லரில் வேண்டாம்.

பணத்துக்கு: யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், ஒப்புக்கொண்ட டிசைன், வாரா வாரம் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு. பில் கொடுக்க மறுக்கும் ஸ்டுடியோக்கள் இதற்குத்தான் பயப்படுகின்றன.