குடும்பத்தோடு டால்பின் பார்க்கப் போன படகுச் சுற்றுலா: முழு மதிப்பெண் படகோட்டிக்கே

கடலில் டால்பின் காட்டும் சுற்றுலா எதுவானாலும் நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான். முதுகுத் துடுப்பு கண்ணில் பட்டதும் படகோட்டி வேகத்தைக் கூட்டுகிறாரா, குறைக்கிறாரா? மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் போனது இருபது பேர் வரை ஏறக்கூடிய படகு. எங்கள் படகோட்டி வேகத்தைக் குறைத்தார். இந்தச் சுற்றுலாவை நான் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

முன்பதிவு செய்தபோதே, "பார்க்கக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, அது அதுங்க இஷ்டம்" என்றார்கள். அந்தப் பேச்சே எனக்குப் பிடித்துப்போனது. கட்டாயம் காட்டுவோம் என்று அடித்துச் சொல்லும் இடங்களில், தீனி போட்டு வரவழைப்பார்களோ, துரத்திப் பிடிப்பார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வழிகாட்டி தண்ணீரைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் கூட்டமாகக் குத்தென்று பாய்ந்துகொண்டிருந்தன. கீழே மீன் கூட்டம் இருக்கிறது, டால்பினும் இருக்கலாம் என்றார். இருந்தது. ஆனால் வெகு தொலைவில், கறுப்புப் புள்ளிகளாகத்தான். படகு அந்தப் பக்கம் மெதுவாக நகர்ந்து, அப்புறம் நின்றே விட்டது. "இன்னும் கிட்டப் போகலாமே" என்று பின்னால் இரண்டு பேர் கேட்டார்கள். "நாம போனா அதுங்க போயிடும். நாம நின்னா அதுங்க வரும்" என்று பொறுமையாகப் பதில் சொன்னார் படகோட்டி.

வந்தன. பாட்டில்மூக்கு டால்பின்கள். முதலில் கேட்டது மூச்சுச் சத்தம்தான். தலைமேல் இருக்கும் ஒற்றைத் துளை வழியாக 'புஸ்' என்று காற்றை விட்டு, உடனே இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகின்றன. என் சின்னவள் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள். "இப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் மேலே வந்தா எப்பத்தான் தூங்கும்?" என்று மாமியார் கேட்டார். மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறு பாதி விழித்திருக்கும், அதனால்தான் தூக்கத்திலும் மூச்சுவிட மேலே வர முடிகிறது என்று வழிகாட்டி விளக்கினார். கேள்விக்கு நேரான பதில், அதுவும் வயதானவருக்குப் புரிகிற மாதிரி. இது எல்லா வழிகாட்டிக்கும் வருவதில்லை.

கூட்டத்தில் ஒரு தாயும் குட்டியும் இருந்தன. குட்டி தாயின் விலாவை ஒட்டியே நீந்தியது. படகுக்குப் பக்கமாக அது திரும்பியபோது, உடம்பில் மேலிருந்து கீழாக வெளிறிய கோடுகள் தெரிந்தன, மடித்து வைத்த துணியைப் பிரித்ததுபோல. பன்னிரண்டு மாதம் தாயின் வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த தழும்பாம் அது. அப்படியானால் பிறந்து அதிக நாள் ஆகாத குட்டி. என் பெரியவன் கேமராவைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் வேறொரு நிறுவனத்தின் படகு முழு வேகத்தில் கூட்டத்தின் நடுவே புகுந்தது. எல்லாம் ஒரே நொடியில் முங்கிவிட்டன. மறுபடி வெகு தூரத்தில்தான் எழுந்தன. எனக்கு மனசே ஆறவில்லை. குட்டி பால் குடிப்பது நீந்திக்கொண்டே, ஒரு தடவைக்குச் சில நொடிகள்தான். அதைக் கலைத்துவிட்டு என்ன படம் எடுத்து என்ன பயன்? நியூசிலாந்தில் கடல் பாலூட்டிகளிலிருந்து 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஹவாயில் ஸ்பின்னர் டால்பின்கள் இரவெல்லாம் இரை தேடிவிட்டுப் பகலில் கரையோரம் ஓய்வெடுப்பவை. அவற்றை 50 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்று 2021-இல் சட்டம் போட்டார்கள். சும்மா ஒன்றும் போடவில்லை.

எங்கள் படகோட்டி பின்தொடரவே இல்லை. "குட்டி இருக்கு, போதும்" என்று படகைத் திருப்பிவிட்டார். சிலருக்கு முகம் வாடியது. காசு கொடுத்து வந்தவர்களுக்கு முன்னால் அந்த முடிவை எடுக்க ஒரு துணிவு வேண்டும். அதற்காகவே மறுபடி இவர்களிடம் போவேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. படகுத்துறையில் ரொம்ப நேரம் காக்க வைத்தார்கள். நிழல் பின்பாதியில் மட்டும்தான், அதுவும் முதலில் ஏறியவர்களுக்கே கிடைத்தது. சின்னவளுக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட் தோளுக்கு மேல் ஏறிக்கொண்டு நின்றது. கேட்ட பிறகுதான் சரியான அளவு வந்தது. குழந்தைகள் வரும் சுற்றுலாவில் இதைக் கேட்க வைக்கக் கூடாது. திரும்பும் வழியில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டதையும் என்னால் ஏற்க முடியவில்லை. போகும்போது அவ்வளவு அக்கறையாக அமைதி காத்தவர்கள், வரும்போதும் காத்திருக்கலாம்.

போகிறவர்களுக்கு: காற்று எழும்பும் முன் கிளம்பும் காலைப் படகையே கேளுங்கள். குமட்டல் வருகிறவர்களைப் படகின் நடுவிலோ பின்னாலோ உட்கார வையுங்கள், முன்பக்கம் ஆட்டம் அதிகம். படகில் கழிவறை கிடையாது. பிள்ளைகளின் வயதையும் எடையையும் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள், ஜாக்கெட்டை எடுத்து வைத்திருப்பார்கள்.